கழற்றி மாட்டும் கைப்பிடிகள்: எதைத் தொடலாம், எதில் சாயலாம்

குளியலறையில் கால் வழுக்கும்போது யாரும் யோசித்து எதையும் பிடிப்பதில்லை. கைக்கு எட்டியதைப் பிடிக்கிறார்கள். முதியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் அப்படி எட்டக்கூடியவை எவை என்று உள்ளே நின்று பார்த்தால் கவலைதான் மிஞ்சும். துண்டு போடும் கம்பி, குழாயின் கழுத்து, கீசரிலிருந்து இறங்கும் வளைகுழாய், கதவின் தாழ்ப்பாள், நீர் நிறைந்த வாளியின் விளிம்பு ஆகியவையே அங்கு இருக்கின்றன. இவற்றுள் ஒன்றுகூட ஓர் ஆளின் எடையைத் தாங்குவதற்கென்று பொருத்தப்பட்டதன்று. நனைந்த துண்டைத் தாங்கும் அளவுக்கே அந்தக் கம்பியின் திருகாணிகள் சுவருக்குள் இறங்கியிருக்கும். ஆனாலும் பல ஆண்டுகளாக அதே கம்பியைப் பிடித்து எழுந்து பழகியவர்கள் உண்டு. அது என்றைக்குச் சுவரை விட்டு வரும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள், மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். குளியலறையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்த தரவு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்திடம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 2,34,000 பேர் குளியலறைக் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தார்கள் என்றும், அந்தக் காயங்களில் 81 சதவீதம் விழுந்ததால் ஏற்பட்டவை என்றும் 2011-இல் அது வெளியிட்ட அறிக்கை கூறியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குளிக்கும்போது அல்லது குளித்துவிட்டு வெளியேறும்போது நேர்ந்தவை. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கழிப்பறையைப் பயன்படுத்தும்போது, அதாவது உட்காரும்போதும் எழும்போதும் நேர்ந்தவை. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம் இருந்தார்கள். அப்போதைய இந்தியச் சராசரி 8.6. இவ்வளவு பேர் தினமும் நாலைந்து முறை போய்வரும் அந்த ஈரத் தரையில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது சின்னக் கேள்வியன்று.

ஈரம் மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று தாழ்வது முதுமையில் கூடுதல். ரத்த அழுத்த மாத்திரைகளும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்காகத் தரப்படும் சில மாத்திரைகளும் அதை இன்னும் கூட்டுகின்றன. வெந்நீர் தோலின் ரத்தக் குழாய்களை விரிப்பதால் குளித்து முடித்து நிமிரும்போது தலை சுற்றும். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுபவர் அரைத் தூக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில், அவசரமாக அந்த வாசற்கட்டையைத் தாண்டுகிறார். வழுக்கல் ஒருபுறம், கிறுகிறுப்பு மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

அந்தப் பிடிமானத்தைச் சுவரைத் துளைக்காமலே தருகிறோம் என்ற வாக்குறுதியோடு வருபவைதான் கழற்றி மாட்டும் கைப்பிடிகள். இவை ஒரே இனமல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இரு முனைகளிலும் ரப்பர் கிண்ணங்கள் வைத்து, நெம்புகோலை மடக்கியதும் சுவரைக் கவ்விக்கொள்ளும் சக்‌ஷன் கப் கைப்பிடி ஒரு வகை. கழிப்பறை இருக்கையைச் சுற்றித் தரையில் நிற்கும் சட்டம், குளியல் நாற்காலி, கமோடு நாற்காலி ஆகியவை இன்னொரு வகை. தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து இறுக்கி நிறுத்தும் கம்பம் மூன்றாவது. மேல்நாடுகளில் குளியல் தொட்டியின் விளிம்பைக் கவ்வும் பிடியும் பெருவழக்கு. தொட்டியே இல்லாத நம் வீடுகளுக்கு அதைப்பற்றிப் பேச்சில்லை. விளம்பரத்தில் இவை எல்லாமே ‘பாதுகாப்புக் கைப்பிடி’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஆனால் உடலின் பாரம் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

சக்‌ஷன் கப் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்கலாம். ரப்பர் எதையும் உறிஞ்சுவதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் அதைச் சுவரோடு அழுத்தி வைத்திருக்கிறது. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று ஏறத்தாழ 1 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. கிண்ணத்துக்கு 10 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ.; உள்ளே காற்று துளியும் இல்லையென்றால் அதைச் சுவரிலிருந்து நேராகப் பிய்த்தெடுக்க ஏறத்தாழ 80 கிலோ விசை வேண்டும். 1657-இல் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் ஓட்டோ ஃபொன் கெரிக்கே இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்து காட்டியதும் இதே விசையைத்தான். ஆனால் கெரிக்கே காற்றை எடுக்க ஒரு பம்பு வைத்திருந்தார். நம் கைப்பிடியில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல். அது உள்ளிருக்கும் காற்றில் பாதியை வெளியேற்றினால் 80 கிலோ 40 கிலோவாகக் குறையும். அதன் பிறகும் காற்று ரப்பரின் ஓரத்தில் மயிரிழை இடம் கிடைத்தால் மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

இதுவும் நேராக வெளியே இழுத்தால் கிடைக்கும் கணக்கு. கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் அதைத் தாங்குவது காற்றழுத்தமன்று, ரப்பருக்கும் டைல்ஸுக்கும் இடையே உள்ள உராய்வு. சோப்பு நுரை ஓரத்தில் கசிந்திருந்தால் உராய்வு வெகுவாகக் குறைந்துவிடும். தவிர, வழுக்குகிறவர் கைப்பிடியை நடுவில் பற்றி ஒரே சீராக இழுப்பதில்லை. ஒரு முனையைப் பற்றி, உடலை முறுக்கி, சாய்வாக இழுக்கிறார். அப்போது இரண்டு கிண்ணங்களின் பலமும் சேர்ந்து கிடைப்பதில்லை. பாரம் முழுவதும் ஒரு கிண்ணத்தின் ஓர் ஓரத்தில் போய் நிற்கிறது. தபால்தலையை மூலையிலிருந்து உரிப்பதுபோல் அந்த ஓரம் உரியத் தொடங்கினால் மீதி தானாக வந்துவிடும். விழும் உடல் தரும் உலுக்கோ, அசையாமல் நிற்கும் உடலின் எடையைவிட அதிகம். பெட்டியின்மேல் ‘100 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருக்கலாம். அது எந்தப் பரப்பில், எந்தத் திசையில், எத்தனை நேரம் இழுத்துப் பார்த்துக் கிடைத்த எண் என்பது பெரும்பாலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

இதற்கு எதிரில் வைத்துப் பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2010-இல் வெளியான தர விதிகள், சுவரில் பொருத்தும் கைப்பிடி அதன் எந்தப் புள்ளியிலும் 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைச் செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் தாங்க வேண்டும் என்கின்றன. கம்பி மட்டும் தாங்கினால் போதாது. திருகாணி, அதைப் பற்றியிருக்கும் சுவர் எல்லாமே தாங்க வேண்டும். உருண்டைக் கம்பியின் விட்டம் 32 முதல் 51 மி.மீ. வரை இருக்கலாம், சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 38 மி.மீ. அந்த இடைவெளிக்குப் பின்னால் நல்ல யோசனை இருக்கிறது: விரல்கள் முழுவதும் சுற்றிப் பிடிக்க அது போதும், வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ள அது போதாது. கழற்றி மாட்டும் கைப்பிடி எதையும் வாங்கும் முன் இந்த மூன்று அளவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கையில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக டைல்ஸ் பதித்த வாடகை வீடு. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று உரிமையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. இரண்டு கிண்ணம் வைத்த கைப்பிடி ஒன்றை வாங்கி வந்து, சுவரைத் துடைத்து, நெம்புகோல்களை மடக்கினேன். கிண்ணத்தின் மேல் இருந்த சிறு சாளரம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. என் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறைக்குள் ஏதோ தடாரென்று விழுந்த ஓசை கேட்டு ஓடினோம். உள்ளே யாருமில்லை. கைப்பிடி தரையில் கிடந்தது. யாரும் தொடாமலே அது சுவரை விட்டிருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லவேளைடா, நான் பிடிச்சுக்கிட்டிருக்கும்போது விழல” என்றார். அந்தச் சொல்லை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

கிண்ணம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. விரலால் தடவினால் மாவுபோல் நெருடியது. எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர். தெறித்துக் காய்ந்த ஒவ்வொரு துளியும் டைல்ஸில் சுண்ணாம்புப் படலமாகப் படிந்திருக்கிறது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த பரப்பு ரப்பருக்கு மேடும் பள்ளமுமாக இருந்திருக்கிறது. மேலும், இரண்டாவது கிண்ணத்தின் ஓரம் இரு டைல்ஸ் சேரும் கோட்டை ஒரு நூலளவு தொட்டுக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கோட்டில் அடைத்த சிமெண்ட் நுண்துளைகள் நிறைந்தது; காற்றுக்கு அது திறந்த வாசல்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை இதிலிருந்தே விளங்கும். பழைய வீடுகளில் 8-க்கு 12 அங்குல டைல்ஸ் பதித்திருப்பார்கள். கிண்ணங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாதது என்பதால் ஒன்று டைல்ஸின் நடுவில் உட்கார்ந்தால் மற்றது இணைப்பின்மேல் போய் உட்காரக்கூடும். 12-க்கு 24 அங்குல டைல்ஸில் இந்தத் தொல்லை குறைவு. சொரசொரப்பான டைல்ஸ், பூ வேலை புடைத்த டைல்ஸ், மொசைக், சிமெண்ட் பூச்சு ஆகிய எதிலும் இது நிற்காது. பெயிண்ட் அடித்த சுவரில் நிற்பதுபோல் தோன்றும்; பாரம் வந்தால் பெயிண்டோடு உரிந்து வரும். எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு. தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் எண்ணெயாகத்தான் இருக்கும். சீயக்காய் தேய்த்து முடிவதற்குள் தரை முழுவதும் வழுவழுவென்று ஆகிவிடும். வாரத்தில் மற்ற ஆறு நாளும் போதுமானதாக இருக்கும் பிடி, அந்த ஒரு நாளில் கையிலேயே நிற்காது. சில்வர் பூச்சுள்ள வழவழப்பான பிளாஸ்டிக் கம்பியைவிட, வரிவரியாக ரப்பர் உறை போட்ட கம்பி அன்றைக்கு மேல்.

அப்படியானால் சக்‌ஷன் கப் கைப்பிடி வீண்பொருளா என்றால், இல்லை. நிற்கும் மனிதர் அசையாத ஒரு பரப்பை விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே உடலின் தள்ளாட்டம் குறைகிறது என்பது 1990-களில் ஆய்வகங்களில் அளந்து அறியப்பட்ட செய்தி. அந்தத் தொடுகை எடையைத் தாங்குவதில்லை. நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று உடலுக்குச் சொல்கிறது. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவர்கள் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள். நிற்க வல்லவர், நடக்க வல்லவர், திரும்பும்போதும் ஒரு காலைத் தூக்கிக் கழுவும்போதும் மட்டும் துணை தேவைப்படுபவர் ஆகியோருக்குத் தொட்டு நிற்கும் பிடியாக அது பயன்படும். ஊருக்குப் போய் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கும்போது பெட்டியில் எடுத்துச் செல்லவும் தோதானது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை முடிவு செய்வது மூளை அன்று, கை. பத்து நாள் தொட்ட கை பதினோராம் நாள் வழுக்கும்போது அதையே இறுகப் பற்றித் தொங்கும். ஆகவே எழுந்து நிற்பதற்கே கையின் பலம் தேவைப்படுபவருக்கு, பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவருக்கு, அடிக்கடி தலை சுற்றுபவருக்கு அது இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது என்பேன். இல்லாத கைப்பிடியை நம்பி யாரும் எழுவதில்லை.

பாரம் தாங்க வேண்டிய இடத்தில், சுவரைத் துளைக்க முடியாதபோது, நம்பத் தகுந்தவை தரையில் நிற்பவை. காரணம் எளிது: அவற்றின்மேல் வைக்கும் எடை நேராகத் தரைக்கு இறங்குகிறது, நடுவில் எந்த ஒட்டும் வேலையும் இல்லை. வெஸ்டர்ன் கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழும்போது உண்மையில் செய்ய வேண்டியது முன்னால் சாய்ந்து, இரு கைகளாலும் கீழே ஊன்றித் தள்ளுவதுதான். இருக்கையின் இரு பக்கமும் கையூன்றிகளோடு நிற்கும் சட்டம் அந்த அசைவுக்கென்றே ஆனது. அதையே பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் சட்டம் சாயும் என்பதை வீட்டில் உள்ள முதியவருக்குச் சொல்லிச் செய்து காட்ட வேண்டும். இருக்கையின் பின்புறம் உள்ள திருகாணிகளோடு சேர்த்து இறுக்கும் வகை கிடைத்தால் அது தனியே நிற்பதைவிட உறுதியானது. முழங்கால் மடங்காதவர்களுக்கு இருக்கைமேல் வைக்கும் உயர்த்தியும் உண்டு. 2, 4, 6 அங்குல உயரங்களில் கிடைக்கும். அதை வைத்தபின் பாதம் தரையில் முழுவதும் பதிகிறதா என்று பார்க்காமல் வாங்கிவிட்டால், உயரம் குறைந்த நம் பாட்டிமார்களுக்குக் கால் அந்தரத்தில் தொங்கும்; அது பழைய நிலைமையைவிடக் கேடு.

இந்தியக் கழிப்பறை உள்ள வீடுகளில் வேறொரு காட்சியைப் பார்க்கிறோம். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, அதைப் பீங்கானுக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். பெற்றோர் படும் சிரமத்தைக் காணச் சகியாமல் பிள்ளைகள் செய்யும் ஏற்பாடு அது. அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாற்காலிக்குப் பலமே அறுபடாத இருக்கைத் தட்டுதான். நடுவை எடுத்தபின் கால்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஈர டைல்ஸில் எடை இறங்கும்போது அவை நாலு பக்கமும் அகன்று விரியும். குழாய்ச் சட்டத்தில் செய்த கமோடு நாற்காலியை, கீழ்ச்சட்டியை எடுத்துவிட்டு அதே பீங்கானுக்கு மேல் வைத்தால் அதே வேலை நடக்கும், பாரமும் தாங்கும்.

தரையில் நிற்கும் எதற்கும் நம் குளியலறையில் ஒரு சோதனை இருக்கிறது, அதன் பெயர் வாட்டம். தண்ணீர் ஓடித் துளையில் விழ வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் தரையை ஒரு பக்கமாகச் சரித்தே போடுகிறார். நான்கு கால் சட்டத்தை அங்கே வைத்தால் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே ஒவ்வொரு காலையும் தனித்தனியே நீட்டிக் குறைக்கும் பொத்தான் உள்ளதாகவே வாங்க வேண்டும். கால் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்களைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். அதில் வரிகள் இருக்கும். அவை தேய்ந்து வழவழப்பானால் நாற்காலி நகரும். புஷ் தனியாகவே கிடைக்கும், விலையும் சொற்பம். மருந்துக் கடைகளிலும் அறுவைச் சிகிச்சைச் சாதனங்கள் விற்கும் கடைகளிலும் கேட்டால் தருவார்கள்.

தரைக்கும் கூரைக்கும் முட்டுக்கொடுக்கும் கம்பத்தைப்பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நல்ல கம்பம் ஆளின் எடையைத் தாங்கும். ஆனால் மேலே திடமான கான்கிரீட் தளம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொய்க்கூரை அடித்த குளியலறையில் அது கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். பரண் கட்டிய குளியலறையில் பரணின் பலகையை நம்ப முடியாது. நம் வீடுகளின் 10 அடி உயரத்துக்கு அது நீளுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

கழற்றி மாட்டும் பொருளை நாம் தேடுவதற்கு முதற்காரணம் உடலன்று, வாடகை ஒப்பந்தம். இதை வேறு நாடுகள் சட்டத்தால் எதிர்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் வீட்டுவசதி உரிமைச் சட்டத்தில் 1988-இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளியான குடியிருப்பவர் தம் சொந்தச் செலவில் நியாயமான மாற்றங்களைச் செய்துகொள்வதை உரிமையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. அதன் விதிகளில் கொடுக்கப்பட்டுள்ள எடுத்துக்காட்டே குளியலறைக் கைப்பிடிதான்: வீட்டைக் காலி செய்யும்போது கம்பியைக் கழற்றிச் சுவரைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லி உரிமையாளர் கேட்கலாம், ஆனால் கம்பிக்காகச் சுவருக்குள் வைத்த முட்டுப் பலகையையும் பிடுங்கச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது அடுத்துக் குடிவருபவருக்கு எந்த இடைஞ்சலும் தருவதில்லை. 1991 மார்ச்சுக்குப் பின் முதன்முதலாக ஆட்கள் குடிபுகுந்த அடுக்குமாடிக் கட்டடங்களில், என்றைக்காவது கைப்பிடி தேவைப்படும் என்று கருதிக் கட்டும்போதே குளியலறைச் சுவரைப் பலப்படுத்தி வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரியம் 2012 முதல் நடத்தும் திட்டத்தின்கீழ், முதியவர் இருக்கும் வாரிய வீடுகளுக்குக் கைப்பிடி பொருத்துவதும் குளியலறைத் தரையை வழுக்காமல் பதப்படுத்துவதும் நடக்கின்றன. செலவின் பெரும் பகுதியை அரசே ஏற்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஏன் இல்லை என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதையொட்டிய கட்டட வழிகாட்டு நெறிகளும் முதன்மையாகப் பொது இடங்களை நோக்கியவை; வீட்டுக் குளியலறை குடும்பத்தின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்திலேயே, குளியலறையில் இரண்டு கைப்பிடிகள் பொருத்திக்கொள்ளலாம், காலி செய்யும்போது துளைகளை அடைத்துத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்பதில் தவறில்லை. நாங்கள் அந்தக் கைப்பிடி விழுந்த மறுவாரம் உரிமையாளரிடம் போய், கீழே கிடந்ததையே கையில் எடுத்துச் சென்று காட்டிப் பேசினோம். அவர் சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பிறகு துளைகள் டைல்ஸின் ஓரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பல உரிமையாளர்களின் பயம் டைல்ஸ் விரியுமோ என்பதுதான். டைல்ஸ் வரைக்கும் துளைப்பானில் அதற்குரிய முனையை வைத்து, தட்டும் விசையை நிறுத்திவிட்டு, மெதுவாகத் துளைத்தால் விரியாது. காலி செய்யும்போது நிறம் கலந்த வெள்ளைச் சிமெண்ட் கொண்டு அடைத்துவிடலாம்.

சுவரில் பொருத்துவது என்று முடிவானபின் ஒரு சிறு பொருளில் பெரிய பிழை நடக்கிறது. கம்பியோடு பெட்டியில் வரும் திருகாணி பெரும்பாலும் சிறியது. ஒன்றரை அங்குலத் திருகாணி என்று வைத்துக்கொள்வோம், அது 38 மி.மீ. டைல்ஸின் கனம் 8 மி.மீ.; அதன் பின்னால் உள்ள சிமெண்ட் கலவை 20 மி.மீ.க்குக் குறையாது. மிச்சம் 10 மி.மீ. மட்டுமே செங்கல்லைத் தொடுகிறது. அதாவது பார்வைக்கு உறுதியாகத் தெரியும் அந்தக் கம்பி சுவரில் இல்லை, பூச்சில் தொங்குகிறது. செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும், துளைக்குள் அதைப் பற்றிக்கொள்ளும் உறையான பிளக்கும் வாங்கித் தரச் சொல்ல வேண்டும். எடை குறைந்த காற்றறைக் கல் சுவரானால் அதற்கென்று உள்ள பிளக்கே போட வேண்டும். சாதாரண பிளக் உள்ளே பொடித்துக்கொண்டு சுழலும். சுவருக்குள் புதைத்த குழாயும் கீசருக்குப் போகும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்பதைப் பிளம்பரையும் எலக்ட்ரீசியனையும் கேட்காமல் துளைக்கக் கூடாது.

கைப்பிடி ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எண்ணுவதும் பிழை. வீட்டில் விழச் செய்யக்கூடிய இடங்களைக் கண்டறிந்து திருத்தும் முயற்சிகளைப்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பன்னாட்டு அமைப்பான காக்ரன் 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு, அவற்றால் விழும் எண்ணிக்கை 26 சதவீதம் அளவுக்கும், ஏற்கெனவே விழும் அபாயம் மிகுந்தவர்களிடம் 38 சதவீதம் அளவுக்கும் குறையக்கூடும் என்கிறது. இது கடையில் வாங்கிய ஒரு பொருளால் வந்த பலனன்று. ஒருவர் வந்து, அந்த வீட்டில் அந்த மனிதர் எப்படி நடக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துச் செய்த பல மாற்றங்களின் பலன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. அப்படி வருகிறவரிடம் கட்டிலருகே பயிற்சி முடிந்ததும், குளியலறையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்கலாம். கதவு உள்பக்கம் திறக்கிறதா, உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளுமா, தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடியுமா, இரவு விளக்கு எரிகிறதா என்பவை அவர் கண்ணில் உடனே படும்.

உயரத்தைப் பொறுத்தவரை அமெரிக்க விதி தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. என்கிறது. ஷவரின்கீழ் நின்று குளிப்பவர்களுக்கு அது பொருந்தும். நம்மில் பலரோ முக்காலியில் உட்கார்ந்து, வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். அந்த நிலையிலிருந்து எழ அந்த உயரத்துக் கம்பி தலைக்கு மேல் இருப்பதாகவே தோன்றும். நாங்கள் செய்தது இதுதான். தரை உலர்ந்திருந்த ஒரு பகல் நேரத்தில், அம்மாவை முக்காலியில் உட்காரவைத்து, அருகில் நின்றுகொண்டு, வழக்கம்போல் எழச் சொன்னேன். அவருடைய வலது கை தானாகச் சுவரில் ஓரிடத்தில் போய் ஊன்றியது. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கழிப்பறை இருக்கையில் ஒருமுறை, வாசற்கட்டையைத் தாண்டும்போது ஒருமுறை. மூன்று கோடுகளில் ஒன்றுகூட நான் முன்பு அந்தக் கைப்பிடியை ஒட்டிவைத்திருந்த இடத்துக்கு அருகில் இல்லை.